'செட் ஆயிடும் சார்' என்பதை நம்பாதீர்கள்

ஸ்கோடா லாரா 2.0 டீசல் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் பி2015 என்ற எண்ணை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒருநாள் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரியும். ஸ்கேனரைச் சொருகினால் இந்த எண் வரும். இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் ஃபிளாப், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பது அதன் பொருள். வண்டி ஓடும். சிலருக்கு இழுவை குறையும், எனக்கு அதுவும் குறையவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அதைக் கண்டுகொள்ளாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த மனசு வராது.

காரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிளாஸ்டிக் தேயத்தான் செய்யும். 140 குதிரைத் திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க். கோவையிலிருந்து ஊட்டி மலைப்பாதையில் மூன்றாவது கியரிலேயே ஏறும் வண்டி. "2012 மாடலுக்கு இவ்வளவு செலவா, வித்துத் தலை முழுகுங்க மாமா" என்று மைத்துனர் சொன்னார். அவர் வைத்திருக்கும் புதுக் கார் எப்படி ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுவோம். நான் குறை சொல்லப்போவது பார்ட் விற்றவர்களையும் மாட்டியவரையும்தான்.

முதலில் அந்த ஃபிளாப் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால்தான் கடைக்காரர் முன்னால் வாய் திறக்க முடியும். இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று போக இரண்டு வழிகள். அதில் ஒன்றை ஒரு சின்னத் தகடு, அதாவது ஃபிளாப், மூடித் திறக்கும். ஐட்லிங்கிலும் குறைந்த வேகத்திலும் தகடு மூடியிருக்கும். காற்று மற்ற வழியாகச் சுழன்று உள்ளே போய் டீசலோடு நன்றாகக் கலக்கும். வேகம் ஏற ஏறத் தகடு திறக்கும், சுமார் 3,000 ஆர்.பி.எம். தாண்டினால் முழுக்கத் திறந்துவிடும். நான்கு சிலிண்டர் தகடுகளையும் ஒரே மோட்டார் ஒரு தண்டு வழியாக அசைக்கிறது. அந்த மோட்டாருக்குள்ளேயே தகடு எந்த நிலையில் நிற்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரும் இருக்கிறது. மோட்டாரின் கை ஓர் எல்லையில் முட்டி நிற்க வேண்டும். அந்த முட்டும் இடம் தேய்ந்தால் கை எல்லையைத் தாண்டிப் போகும். கம்ப்யூட்டர் உடனே பி2015 என்று எழுதி வைத்துவிடும். இ.ஜி.ஆர். வழியாகத் திரும்பி வரும் புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து உள்ளே தார் போலப் படிந்து தகட்டை இறுக்குவது இதற்குத் துணை.

இப்போது மாற்று மேனிஃபோல்டு தேடிய கதைக்கு வருகிறேன்.

என் மெக்கானிக் செய்த முதல் காரியம், பார்ட் கையில் வருவதற்கு முன்னாலேயே எஞ்சினைப் பிரித்தது. காற்று போகும் துளைகளில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துவிட்டு, "ரெண்டு நாள்ல வந்துருமுங்க சார்" என்றார். வண்டி மூலையில் பிரிந்து கிடந்தால் நாம் வாங்கும் விலையை நாம் தீர்மானிக்க முடியாது, விற்கிறவர்தான் தீர்மானிப்பார். போனில் நம் குரலை வைத்தே அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பார்ட் வந்து, எண் பார்த்து, மேசைமேல் வைத்த பிறகுதான் ஸ்பேனர் எடுக்க வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுப்பில்லை.

கோவை உக்கடத்தில் கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் இருப்பதாகத் தகவல். "லாரா டூ பாயின்ட் ஓ டீசல்தானே சார்? செட் ஆயிடும் சார், கண்ண மூடிட்டு வாங்குங்க." பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் குழாய்களின் வாயும் போல்ட் துளைகளும் வேறு வேறு இடத்தில். கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. அது லாராவுக்கானதுதான், 2.0 டீசலும்தான். ஆனால் பழைய பி.டி. எஞ்சினுக்கானது. இந்தியாவில் லாரா முதலில் பி.டி. எனப்படும் பம்ப் இன்ஜெக்டர் எஞ்சினோடு வந்தது, பிறகுதான் காமன் ரெயில். பின்கதவில் இரண்டிலும் ஒரே எழுத்து, 'டி.டி.ஐ.' எஞ்சின் மட்டும் வேறு.

இதைக் கடையில் நின்ற இடத்திலேயே கண்டுபிடிக்கலாம். மேனிஃபோல்டின் உடம்பில் ஒரு பார்ட் நம்பர் இருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் அது மூன்று மூன்றாகப் பிரியும் ஒன்பது இடம், அதற்குப் பின்னால் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ. முதல் மூன்று எஞ்சின் குடும்பம். எனக்கு வேண்டியது 03எல், அதாவது காமன் ரெயில். வந்து இறங்கியது 03ஜி, அதாவது பி.டி. நடுவில் 129 என்றால் இன்டேக் பகுதி. கடைசியில் தொங்கும் எழுத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதுதான் தலைவலி. ஒன்பது இடமும் ஒத்திருந்தாலும் அந்த எழுத்து மாறினால் மோட்டாரோ சென்சாரோ மாறியிருக்கலாம். சில எழுத்துக்குப் பதில் வேறு எழுத்து போடலாம், சிலதுக்குக் கூடாது. அதைக் கடைக்காரர் சொல்லக் கூடாது, கம்பெனி பார்ட்ஸ் கவுன்டர்தான் சொல்ல வேண்டும். உங்கள் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அவர்கள் கம்ப்யூட்டரில் உங்கள் வண்டிக்கான எண்ணும், இப்போது அதற்குப் பதிலாக வரும் எண்ணும் தெரியும். அங்கேயே வாங்க வேண்டும் என்று சட்டமில்லை. கேட்டுக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். எஞ்சின் குறியீடு வேண்டுமானால் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது, சர்வீஸ் புத்தகத்திலும் இருக்கிறது.

பார்சலைத் திருப்பி அனுப்பிய கூலி என் தலையில். அது போகட்டும், சின்னக் காசு.

பெரிய காசு போனது அடுத்ததில். எண், எழுத்து எல்லாம் பொருந்திய ஒரு பழைய மேனிஃபோல்டு டெல்லியில் கிடைத்தது. டெல்லியில் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது, 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று. அதனால் நம் ஊரில் நன்றாக ஓடக்கூடிய வண்டிகள் அங்கே பிரித்து விற்கப்பட்டன. மாயாபுரி மாதிரி இடங்களில் லாரா, சூப்பர்ப், ஜெட்டா உடல்கள் கிடக்கும். நல்ல சாமான் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார்: "ஏனுங் சார், புதுசு எதுக்குங்க? கம்பெனிச் சாமான் பழசே போதுங்க, அப்படியே ஒக்காந்துக்கும்."

அப்படியேதான் உட்கார்ந்தது. போல்ட் ஒவ்வொன்றும் சுத்தமாக இறங்கியது. விளக்கு அணைந்தது. எனக்கும் சந்தோஷம். சில மாதம் கழித்து அவிநாசி ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது விளக்கு மறுபடி மஞ்சள். ஸ்கேனர் போட்டால் அதே பி2015.

ஏன்? யோசித்தால் பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். என் மேனிஃபோல்டு தேய்ந்ததால்தான் மாற்றினேன். அதே எஞ்சினில், அதே கரியில், அதே அளவு ஓடிய இன்னொரு மேனிஃபோல்டு மட்டும் தேயாமல் இருக்குமா? டர்போ, ஆல்டர்நேட்டர், கதவு, விளக்கு எல்லாம் பழசு வாங்கலாம். நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் தேய்மானத்துக்காகவே மாற்றும் சாமானைப் பழசாக வாங்கினால், பாதி தேய்ந்ததற்குக் காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம். எண் சரியாக இருந்தது, எல்லாம் பொருந்தியது, அதனாலேயே யாரும் அந்த முட்டும் இடத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது மெக்கானிக்கின் வேலை. முப்பது வருஷ அனுபவம் அவருக்கு, எனக்கல்ல. இரண்டாவது முறையும் முழு லேபர் வாங்கினார். "சாமான் நீங்க வாங்கிக் கொடுத்ததுதானுங்க" என்று ஒரு வார்த்தை வேறு. வாங்கச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. இப்போது அங்கே போவதும் இல்லை.

பழசைத்தான் வாங்குவேன் என்று அடம்பிடிப்பவர்கள் இதையாவது செய்யுங்கள். மோட்டாரின் கையை விரலால் மெதுவாக இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள். நடுவில் சிக்கக் கூடாது, எல்லையில் பஞ்சு போல அமுங்காமல் 'டக்' என்று நிற்க வேண்டும். கையும் தண்டும் சேரும் உருண்டை மூட்டை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு பிளாஸ்டிக் பாதியும் சேரும் கோட்டில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். கருப்பாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். கரியோடு அழுக்காக வருவதுதான் நேர்மையான பழசு.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கை எல்லை தாண்டாமல் தடுக்கும் அலுமினிய பிராக்கெட் ஆன்லைனில் விற்கிறது, மேனிஃபோல்டைக் கழற்றாமலே போடலாம். தேய்ந்தது முட்டும் இடம் மட்டும் என்றால் அது வேலை செய்யும், சென்சாரே போயிருந்தால் செய்யாது. பலர் அதைப் போட்டுத் திருப்தியாக இருக்கிறார்கள். நான் போடவில்லை. உள்ளே கரி அடைத்துக் கிடக்க, வெளியே ஒரு பட்டை மாட்டி விளக்கை மட்டும் அணைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் டெல்லி காஷ்மீரி கேட் வியாபாரி ஒருவரிடம் புதுசு வாங்கினேன். கார் கம்பெனிப் பெட்டியில் அல்ல, அந்தக் கம்பெனிக்கே செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் பெட்டியில். விலை குறைவு. இப்படி வருவதில் காரின் லோகோ இருக்க வேண்டிய இடம் சுரண்டியிருக்கும். அதைப் பார்த்து டூப்ளிகேட் என்று பயந்துவிடாதீர்கள், வெளிச்சந்தையில் விற்பதற்காக அவர்களே லோகோவை எடுத்துவிடுவது வழக்கம். தயாரிப்பாளர் பெயர், எண், மோட்டாரின் கனெக்டர் பின்கள் எல்லாம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரோடு வருகிறதா, மோட்டார் இல்லாமலா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கேஸ்கெட், த்ராட்டில் பக்கத்து ஓ ரிங், இ.ஜி.ஆர். குழாய் கேஸ்கெட் எல்லாம் சேர்த்தே வாங்குங்கள். பத்து ரூபாய் ரப்பருக்காக வண்டி ஒரு வாரம் நிற்கும்.

மாட்டுவது வேறொரு பட்டறையில். அதில் சொல்ல அதிகமில்லை. பேட்டரி கழற்றி, இ.ஜி.ஆர். குழாயும் த்ராட்டிலும் கழற்றி, கைக்கு மட்டும் தெரியும் கீழ்வரிசை போல்ட்டைத் தடவித் தடவி எடுத்து, துளைகளில் செய்தித்தாளுக்குப் பதில் சுத்தமான துணியை எண்ணி அடைத்து, ஹெட்டில் இருந்த கரியைச் சுரண்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்சில் இறுக்கினார்கள். ஹெட் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். பழைய மேனிஃபோல்டின் வாயில் சுண்டுவிரல் நுழையத் திணறியது, அவ்வளவு கரி. முடிந்ததும் வி.சி.டி.எஸ். என்ற ஸ்கேனர் கேபிள் போட்டுப் புது ஃபிளாப்பின் எல்லைகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் பேசிக் செட்டிங் செய்தார்கள். முதல் பட்டறையில் இதைச் செய்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். பிழை எண்ணை அழித்தால் விளக்கு அணையும், அதையே வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பார்ட் தேடப் போகும் நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். பணம் அனுப்புவதற்கு முன், மேனிஃபோல்டில் பொறித்த எண்ணையும் கடைசி எழுத்தையும் தெளிவாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், செட் ஆயிடும்" என்றால் போனை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போடுங்கள்.