பழைய காருக்கு அசல் சீட் தேடிய கணக்கு

சரக்குப் பார்த்து வாங்குவது நம் தொழில். துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருந்தால் உள்ளங்கையில் நாலு மணியைப் போட்டதுமே சொல்லிவிடுவோம். விளாத்திகுளம் குண்டு வற்றலை மூட்டை பிரிக்காமல் வாசனையிலேயே அறிவோம். ஆனால் பழக்கமில்லாத சரக்கில் இறங்கினால் அந்தக் கண்ணும் மூக்கும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை, ஒரு பழைய காரின் முன் சீட்டுகள் இரண்டைத் தேடப் போய்த்தான் அறிந்தோம். செலவு செய்து கற்ற பாடம் என்பதால் உறுப்பினர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறோம்.

முதலில் வண்டியைப் பற்றி. இந்தியாவில் கார் என்றால் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என மூன்றே பெயர்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. இதில் ஹெரால்டு நம் தமிழ்நாட்டுச் சரக்கு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. மூலம் இங்கிலாந்து. கவன்ட்ரி நகரில் 1959இல் வெளியான டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. உருவம் வரைந்தவர் இத்தாலியர், பெயர் ஜியோவானி மிக்கெலாட்டி. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அவர் வரைந்த வேறொரு பாடியை மேலே வைத்துத்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் விற்றார்கள். அப்படிப் பார்த்தால் நம் ஊர்ச் சாலைகளில் பருத்தி விதை மூட்டை ஏற்றிச் சென்ற ஹெரால்டு, ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறை.

எங்கள் தகப்பனார் 1964 மாடல் இரண்டு கதவு ஹெரால்டு ஒன்றைப் பழையதாக 1967இல் வாங்கினார். எட்டயபுரம், நாகலாபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று வாரம் இரண்டு நாள் வசூலுக்குப் போகும் வண்டி அது. இரண்டு கதவு வண்டியாதலால் முன் சீட் முழுவதும் கீலில் முன்னால் சாயும். பின்னால் ஏறுகிறவர்கள் அப்படித்தான் ஏற வேண்டும். மாதிரிப் பைகளையும் அப்படித்தான் திணிப்போம். 1991இல் சீட் கிழிந்து ஸ்பாஞ்சு வெளியே தெரிந்தபோது, வேறொரு காரின் சீட்டைப் பொருத்திவிட்டு, அசலை ஃபிரேமோடு ஒரு குஷன் கடையில் 150 ரூபாய்க்குத் தள்ளிவிட்டோம். லாபமான பேரம் என்றுதான் அன்று நினைத்தோம்.

பிறகு வண்டி ஓட்டம் குறைந்து குடோனில் ஒதுங்கியது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது கடந்த, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்த உபயோக வண்டிகளுக்கு அந்தப் பதிவு உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வழக்கமான போக்குவரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது. விதி சீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர் எங்கள் அண்ணன். வயது எண்பதை நெருங்குகிறது. வசூலுக்கு அந்த வண்டியை ஓட்டியவர் அவர்தான். பழுது பார்த்து நிறுத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், "இது நம்ம வண்டி இல்லப்பா" என்று இறங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் தேடக் கிளம்பினோம்.

தேடுவதற்கு முன் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இதை நாங்கள் தாமதமாகத்தான் செய்தோம். சீட் என்பது மூன்று சரக்கு. மேலே உறை, நடுவே திணிப்பு, அடியில் இரும்புக் குழாய் ஃபிரேம். உறையும் திணிப்பும் எந்தக் காலத்திலும் புதிதாகச் செய்துகொள்ளலாம். ஃபிரேமை மட்டும் புதிதாகச் செய்து விற்பவர் யாரும் எங்கள் கண்ணில் படவில்லை. இங்கிலாந்தில் எம்.ஜி., டிரையம்ப் வைத்திருப்பவர்கள் நிலையும் பெரும்பாலும் இதுபோலத்தான். அங்கே 1977இல் தொடங்கிய டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்ற சங்கம் ஹெரால்டுக்கும் ஸ்பிட்பயருக்கும் சேர்த்தே உள்ளது. பழைய மாதிரிப்படி தைத்த உறைகளை விற்க அங்கே தனிக் கடைகள் உண்டு. ஆனால் ஃபிரேம் வேண்டுமென்றால் அவர்களும் பெரும்பாலும் உடைத்த வண்டியைத் தேடித்தான் போக வேண்டியிருக்கும். ஆகவே மேலே பளபளவென்று இருக்கும் சீட்டைக் கண்டு மயங்காமல், தலைகீழாகத் திருப்பி ஃபிரேமைப் பாருங்கள். மூட்டையின் வாயில் இருக்கும் சரக்கை மட்டும் பார்த்து வாங்குகிறவன் என்ன ஆவான் என்று நமக்குத் தெரியாதா?

சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் "அசல் ஹெரால்டு சீட்" என்று இரண்டைக் காட்டினார்கள். கடைக்காரர் ஏமாற்ற நினைத்ததாகச் சொல்ல மாட்டோம், அவருக்கு வந்த வாய்மொழி அப்படி. எங்கள் கையில் ஓர் அட்டை இருந்தது. வண்டியின் தரையில் உள்ள போல்ட் துளைகளின் மேல் அட்டையை வைத்து, துளைகளைக் குத்தி, அப்படியே கொண்டுபோயிருந்தோம். சீட்டின் அடியில் வைத்துப் பார்த்தால் ஒரு துளையும் சேரவில்லை. வேறு வண்டியின் சீட். அளவு நாடாவை விட அட்டை மேல். நாடாவில் படித்த எண்ணை மறந்துவிடலாம், துளை மறக்காது. கோவை உக்கடத்திலும் அலைந்து வெறுங்கையோடு திரும்பினோம். அந்தப் பயணத்தில் அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்தைப் பார்த்தது ஒன்றே ஆதாயம். 2015இல் திறந்தது. கோவை போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

கடைசியில் சரக்கு கிடைத்த இடம் எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே ஒரு டீக்கடை. வாசலில் வேப்ப மரத்தடியில், கருங்கல் இரண்டின் மேல் பலகை வைத்து, அதன் மேல் இரண்டு கார் சீட்டுகள். தலைமுறையாக அந்தச் சாலையில் போகிறோம், கண்ணில் பட்டதில்லை. அட்டையை வைத்துப் பார்த்தோம். துளைகள் பொருந்தின. கரிசல் பூமியின் வறட்சிக்கு இந்த விஷயத்தில் நன்றி சொல்ல வேண்டும். தூத்துக்குடி உப்புக் காற்றில் கிடந்திருந்தால் குழாய் சல்லடை ஆகியிருக்கும். இங்கே மேல் துருவோடு நின்றிருந்தது.

டீக்கடைக்காரர், "ரெண்டு பெஞ்சு வாங்கிப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி" என்றார். பெஞ்சு இரண்டும் 3,000 ரூபாய்க்குள் முடியும். ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் வாதம் தொடங்கியது. பையன் சொன்னான்: "அவர் கேட்டதைக் கொடுக்கிறோம், அதில் என்ன தப்பு?" அண்ணன் ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் விருதுநகர் விலை டிரங்க் காலில் நமக்குக் காலையிலேயே வந்துவிடும், உளுந்து கொண்டுவரும் சம்சாரிக்கு மாலை வரை தெரியாது. அந்த இடைவெளியில் வாங்கிக் குவித்தவர்களும் உண்டு, விலை இதுவென்று சொல்லி வாங்கியவர்களும் உண்டு. நம் தகப்பனார் எந்தப் பக்கம் என்று அவனிடம் கேள் என்றார். உண்மையைச் சொன்னால் தகப்பனார் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார். அதை அண்ணனிடம் சொல்லவில்லை. மறுநாள் போய், இதற்காக எங்கெங்கு அலைந்தோம், புதுப்பேட்டையில் பொருந்தாத சீட்டுக்கே என்ன விலை சொன்னார்கள் என்பதையெல்லாம் டீக்கடைக்காரரிடம் சொன்னோம். அவர் யோசித்து 9,000 கேட்டார். கொடுத்தோம், பெஞ்சும் போட்டோம். பையனுக்கு இன்றுவரை இதில் சம்மதமில்லை.

இனி வேலை. பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உறையைக் கிழிக்காமல் தையல் தையலாகப் பிளேடால் பிரிக்க வேண்டும். அந்தத் துண்டுகள்தான் புதுத் துணி வெட்ட அளவு. கம்பிக் கிளிப் கடித்திருந்த மடிப்பின் உள்ளே வெயில் படாத அசல் நிறம் இருக்கும். வெளியே மங்கிய செங்கல் நிறமாகத் தெரிந்தது உள்ளே நல்ல சிவப்பாக இருந்தது.

ஃபிரேமைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, கீல் சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, வெல்டு வைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, பிறகு கறுப்பு எனாமல். ஃபிரேமின் குறுக்கே ரப்பர் பட்டைகள் இழுத்து மாட்டியிருக்கும். நம் வெயிலில் அவை இறுகி அப்பளமாக ஒடிந்தன. சிக்கனம் பார்த்து லாரி ட்யூபை வெட்டி மாட்டினோம். மூன்று மாதத்தில் தொய்ந்து, அண்ணன் தரையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். சீட்டுக்கென்றே விற்கும், உள்ளே நூல் வைத்த ரப்பர் பட்டை வாங்கி மாட்டிய பிறகுதான் சரியாயிற்று. பட்டைக்கு மேல் சாக்குத் துணி ஒன்று விரிக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோமைப் பட்டை அரித்துவிடும். சாக்கு நம்மிடமா இல்லை!

ஃபோம் வாங்குவதில் நம் தராசு நன்றாக உதவியது. குஷன் கடைகளில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். அது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. அதாவது ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள 40 டென்சிட்டி ஃபோம் சுமார் 1 கிலோ 130 கிராம் இருக்க வேண்டும். 32 என்றால் சுமார் 900 கிராம். 40 என்று சொல்லி எங்களுக்குக் கொடுத்த துண்டு, அந்தக் கணக்குப்படி 800 கிராம்தான் வந்தது. கையால் அமுக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எடை போட்டுக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

உறைக்கு நாம் 'ரெக்ஸின்' என்று கேட்கிறோம். அது உண்மையில் மாஞ்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் செய்த ஒரு சரக்கின் வியாபாரப் பெயர். பருத்தித் துணியின் மேல் நைட்ரோ செல்லுலோஸ் பூசியது. அந்தப் பூச்சும் பருத்தியை அமிலத்தில் பக்குவம் செய்து வருவதே, தீப்பட்டால் குப்பென்று பற்றும். இன்று அந்தப் பெயரில் விற்பது பி.வி.சி. பூசிய துணி, வேறு சரக்கு. கம்பெனி போனாலும் பெயர் கடைத்தெருவில் தங்கிவிட்டது. நம் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வாங்கியவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். இங்கிலாந்தின் உயர்ந்த கார்களுக்குத் தோல் கொடுத்த கானலி நிறுவனத்தின் தோல் ஆலையும் 2002இல் மூடப்பட்டது. அசல் தோல் என்று யாராவது விலை சொன்னால் எந்த ஆண்டுச் சரக்கு என்று கேளுங்கள்.

ரெக்ஸினில் ஊசி போட்ட துளை மூடாது. ஆகவே பிரித்துத் தைக்கலாம் என்ற பேச்சே இல்லை, முதல் தையலே கடைசித் தையல். எங்கள் குஷன் தொழிலாளி முதலில் பழைய வேட்டியில் வெட்டித் தைத்து மாட்டிப் பார்த்தார், பிறகுதான் சரக்கில் கத்தரி வைத்தார். நூல் பருத்தி நூலாக இருக்கக் கூடாது, நைலான் அல்லது பாலியஸ்டர். ஓரத்துப் பைப்பிங்குக்குள் சணல் கயிறே போதும். தைத்த உறையைக் கால் மணி நேரம் நம் கோவில்பட்டி வெயிலில் காயவைத்து, இளகிய சூட்டோடு இழுத்து மாட்டினால் சுருக்கம் விழாது.

எல்லாம் சேர்த்து, அலைச்சல் செலவு நீங்கலாக, 31,000 ரூபாய் பற்று எழுதியிருக்கிறோம். எதிரே 1991இன் வரவு 150. அண்ணன் வலது பக்கம் ஏறி, சீட்டை முன்னால் சாய்த்துப் பார்த்து, உட்கார்ந்து, "எட்டயபுரம் பாக்கி வந்துருச்சா?" என்று கேட்டார்.

இன்னும் ஒரு குறை உண்டு. இடது சீட்டின் ரன்னர் ஒன்று வேறு வண்டியுடையது, நகர்த்தும்போது பாதியில் மாட்டுகிறது. உறுப்பினர்கள் குடோன் மூலையிலோ, பழைய ஷெட்டிலோ, திண்ணையிலோ பழைய கார் சீட் எதுவும் கிடந்தால், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுமுன் ஒருமுறை திருப்பி அடியைப் பாருங்கள். துளை குத்திய அட்டை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.