கையெழுத்தா, கைவரிசையா?



நம் கையில் ஒரு பீங்கான் தட்டைக் கொடுத்தால் முதலில் என்ன செய்வோம்? கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்போம். விரலால் சுண்டி ஓசை கேட்போம். கைலென்ஸை வைத்து பின்ஹோல் இருக்கிறதா, கிளேஸில் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று தேடுவோம். விருத்தாசலத்துக்கு வந்த முதல் வருஷமே நமக்குப் படிந்துவிடும் பழக்கம் இது. ஆனால் ஒரு பழைய காமிக்ஸ் புத்தகத்தைப் பார்த்த அன்று எனக்கு இதெல்லாம் மறந்தே போய்விட்டது. பணத்தை இழந்தவன் என் அறை நண்பன். ஏமாந்ததற்குக் காரணம் நான்.

சென்ற வருடம் ஒருநாள் போனை நீட்டினான். "மச்சான், இந்திரஜால் காமிக்ஸ்டா! அட்டையிலே லீ ஃபாக்கே கையெழுத்துப் போட்டிருக்காராம். மூவாயிரம் சொல்றான். நீதான் காமிக்ஸ் பைத்தியமாச்சே, பார்த்துச் சொல்லு."

லீ ஃபாக் யார் என்று தெரியாதவர்களுக்கு: 1934-இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும், 1936-இல் ஃபாண்டத்தையும் உருவாக்கிய அமெரிக்கர். தமிழில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் நம் அப்பாமார்கள் படித்தது இந்த ஃபாண்டத்தைத்தான். 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸின் முதல் இதழே ஃபாண்டம் கதை. அப்பேர்ப்பட்டவரின் கையெழுத்து என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இணையத்தில் ஒரு கையெழுத்தைத் தேடி எடுத்து ஒப்பிட்டேன். அதேபோல் இருந்தது. "ஒரிஜினல்தான்டா, விடாதே!" என்றேன். மெஸ் பில்லுக்கு வைத்திருந்த பணம் போயிற்று.

ஒரு மாதம் கழித்து அவனுடைய பெரியப்பா மகன் அதே வியாபாரியிடம் வாங்கிய இன்னொரு இதழோடு வந்தார். அதிலும் லீ ஃபாக். அப்போதுதான் லென்ஸைக் கையில் எடுத்தேன். அன்று செய்ததையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகத் தருகிறேன்.

1. அச்சா, மையா?

லென்ஸில் பார்த்தால் அச்சடித்த கையெழுத்தில் எல்லா இடத்திலும் ஒரே கனம் இருக்கும். கலர் அச்சு என்றால் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். பேனாவால் எழுதியதில் கோடுகள் குறுக்கிடும் இடத்தில் மை கூடியிருக்கும். பால்பாயிண்ட் என்றால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளம் தெரியும். காமிக்ஸ் படம் போட்ட மக், தட்டு என்றால் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. கையெழுத்து கிளேஸுக்கு அடியில் இருந்தால் அது தொழிற்சாலையில் போட்டது. டெக்கால் ஒட்டிச் சூளையில் சுட்டதும் அப்படியே. சுட்ட பிறகு மார்க்கரால் எழுதியது கிளேஸின் மேல்தான் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் இரண்டு இதழிலும் இருந்தது நிஜ மைதான். நண்பன் முகம் மலர்ந்தது. ஆனால் மை நிஜம் என்பதால் கை நிஜமாகிவிடாது.

2. கோடு ஓடியதா, ஊர்ந்ததா?

நம் கையெழுத்தை நாம் யோசித்துப் போடுவதில்லை. பேனா ஓடிக்கொண்டே தாளைத் தொடும், ஓடிக்கொண்டே விலகும். அதனால் ஆரம்பமும் முடிவும் மெலிந்திருக்கும். பார்த்து வரைபவன் மெதுவாகத்தான் போவான். கோடு நடுங்கும், வளைவில் நின்று நின்று போகும், முனை மொட்டையாக இருக்கும். எங்கள் இதழ்களில் முனைகள் எல்லாம் மொட்டை.

3. அச்சு அசலாக ஒன்றா?

ஒரே ஆள் நூறு முறை போட்டாலும் இரண்டு கையெழுத்து முழுதாகப் பொருந்தாது. டிராயிங் வகுப்பு டிரேசிங் ஷீட்டில் ஒன்றைப் படியெடுத்து மற்றதன் மேல் வைத்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது! அன்றைக்கு "அதேபோல் இருக்கு" என்று நான் எதை வைத்து நம்பினேனோ, அதுவே போலிக்குச் சாட்சியாகிவிட்டது.

4. காலம் பொருந்துகிறதா?

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அந்தக் கதைக்குப் படம் வரைந்த ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ 1995-இல் காலமானார். அதற்குப் பிறகு வந்த மறுபதிப்பில் அவர் கையெழுத்து இருந்தால் லென்ஸே தேவையில்லை. லீ ஃபாக் மறைந்தது 1999. அதேபோல் ஜெல் பேனா 1980-களில்தான் கடைக்கு வந்தது. 1970 என்று தேதி போட்ட கையெழுத்து ஜெல் மையில் இருக்க முடியாது.

5. போட்டது யார் கை?

மிக்கி மவுஸ் பத்திரிகைத் தொடரில் வால்ட் டிஸ்னி என்று கையெழுத்து இருக்கும். 1930 முதல் 1975 வரை அதற்குப் படம் வரைந்தவரோ ஃப்ளாய்ட் காட்ஃபிரட்சன். ரசிகர்களுக்கு டிஸ்னி பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஹாங்க் போர்ட்டர் போன்ற ஊழியர்கள் இருந்தார்கள். இதில் மோசடி நோக்கம் இல்லை. ஆனாலும் அது டிஸ்னியின் கை இல்லை.

6. சான்றிதழை நம்பலாமா?

1990-களில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகூட அங்கே கிடைத்ததாம்! போலிகளோடு அழகான சான்றிதழும் சேர்த்தே விற்றிருக்கிறார்கள். காகிதத்தைவிடக் கண்ணால் பார்த்த சாட்சி பெரிது. சி.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனம், தன் ஆள் நேரில் நின்று பார்த்த கையெழுத்துக்குத் தனிச் சிட்டை ஒட்டுவது இதனால்தான். நாமும் புத்தகக் கண்காட்சியில் வாங்கும் கையெழுத்தோடு நாள், இடம் குறித்து, ஒரு போட்டோவும் எடுத்து வைத்தால் நாளைக்கு அதுவே சாட்சி.

டிரேசிங் ஷீட்டை எடுத்ததும் அறையில் பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து நண்பன் சொன்னான்: "ஜூனியர் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்டா. ரெண்டாயிரத்துக்குத் தள்ளிடவா? மெஸ் பில்லாவது கட்டலாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த நிமிஷம் சரி என்றுதான் பட்டது. நான் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பரிகாரமாக இருக்குமே என்று நினைத்தேன். ஆனால் "ஒரிஜினல்" என்று அவனிடம் சொல்லப்போவது யார்? மறுபடி நான்தான். "வேணாம்டா, நஷ்டத்துல பாதி என்னுது" என்றேன். இரண்டு மாதத்தில் ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து முடித்தேன். வியாபாரியின் போன் எண் அதற்குள் அணைந்திருந்தது.

அந்த இதழ் இன்றும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. உள் அட்டையில் பென்சிலால் "கையெழுத்து போலி, கதை அசல்" என்று எழுதியிருக்கிறோம். எங்களுக்குப் பின் யார் கைக்குப் போனாலும் ஏமாறக்கூடாது அல்லவா?

நண்பர்களே, உங்களிடம் யாராவது ஒரு பொருளை நீட்டி "பார்த்துச் சொல்லு" என்றால், பார்த்த பிறகு சொல்லுங்கள். பார்க்க வழியில்லை என்றால் "தெரியவில்லை" என்று சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. என் "ஒரிஜினல்தான்டா"வுக்கு ஆன செலவு மூவாயிரம்.