வீடியோ அழைப்பில் பேச்சுத் தேர்வு: தயங்கியது யார்?



ஆங்கிலத்தில் பேசு என்றாலே நம்மில் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதையே வீடியோ அழைப்பில் பேசி மதிப்பெண் வாங்கு என்றால்? 2020 ஊரடங்கிலிருந்து மொழி வகுப்புகளில் இது பரவிவிட்டது. ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வைக்கூடச் சில மையங்களில் வீடியோ அழைப்பில்தான் நடத்துகிறார்கள்.

சென்ற ஆண்டு ஓர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் நானும் இப்படித் தேர்வு கொடுத்தேன். சரளத்துக்கு 10-க்கு 4 மதிப்பெண். பக்கத்தில் 'தயங்குகிறார்' என்று குறிப்பு. தேர்வின்போது அருகில் இருந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும், "டக்கு டக்குனு பதில் சொன்னியேப்பா!" என்றார். அம்மா சொன்னது சரியா, ஆசிரியர் எழுதியது சரியா? நம் மின்னணுவியல் பாடத்தைக் கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தாமதத்தை அளப்பது எப்படி?

நண்பனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, நான் 'ஒன்று', அவன் 'இரண்டு' என மாற்றி மாற்றி 20 வரை எண்ணினோம். 10 விநாடி ஆனது. பிறகு அதையே அவரவர் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பில் செய்தோம். நான் 'ஒன்று' சொல்வதில் தொடங்கி, அவன் சொல்லும் 'இருபது' என் காதில் விழும் வரை 16 விநாடி! குரல் 20 முறை பயணம் செய்கிறது. கூடுதலான 6 விநாடியை 20-ஆல் வகுத்தால் ஒருவழித் தாமதம் 0.3 விநாடி.

இது பெரிய தாமதமா? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரைப்படி ஒருவழித் தாமதம் 0.15 விநாடிக்குள் இருப்பது நல்லது, 0.4-ஐத் தாண்டவே கூடாது.

மனிதர்கள் பேசும்போது கேள்விக்கும் பதிலுக்கும் இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 0.2 விநாடி என்று 10 மொழிகளை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. இப்போது கூட்டுங்கள். கேள்வி என்னிடம் வர 0.3, நான் எடுத்துக்கொள்வது 0.2, பதில் போய்ச் சேர 0.3. மொத்தம் 0.8 விநாடி! நான் உடனே பதில் சொன்னாலும் ஆசிரியருக்கு அது நான்கு மடங்கு மௌனம்.

இன்னொன்றும் உண்டு. நம் குரல் பெரும்பாலும் 20 மில்லிவிநாடித் துண்டுகளாகத்தான் பயணம் செய்கிறது. சில துண்டுகள் வழியில் தொலைந்தால் 'ஆஸ்க்ட்' என்பதன் கடைசி 'ட்' போய்விடும். இறந்தகாலம் நிகழ்காலமாகிவிடும். நமக்கு இலக்கணத்திலும் மதிப்பெண் குறையும்!

என்ன செய்யலாம்?

மாணவர்கள்:
1. கம்பி இயர்போன் பயன்படுத்துங்கள். புளூடூத் தானும் தாமதத்தைக் கூட்டும்.
2. சிக்னல் நன்றாக உள்ள இடத்தை முதல்நாளே பார்த்து வையுங்கள்.
3. கேள்வி காதில் விழாவிட்டால் ஊகிக்காமல், திரும்பச் சொல்லும்படி ஆங்கிலத்திலேயே கேளுங்கள். அதுவும் பேச்சுத் திறன்தான்.

ஆசிரியர்கள்:
1. முதல் 2 நிமிடம் மதிப்பெண் இல்லாமல் பேசவிட்டு, இணைப்பின் நிலையை அறியலாம்.
2. பதிலுக்கு முன் வரும் மௌனத்தை விட்டுவிட்டு, பதிலுக்கு நடுவில் வரும் தயக்கத்தை மட்டும் கணக்கில் எடுக்கலாம்.
3. இணைப்பு அறுந்தால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கலாம்.

வீடியோ அழைப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ் செலவு மிச்சம். பதிவு செய்து வைத்தால் இன்னொரு ஆசிரியரும் கேட்டு மதிப்பிடலாம். நான் நடுவில் திணறிய இடங்களும் இருந்தன. அது என் குறைதான். ஆனால் லைனின் கடனை நம் கணக்கில் எழுதலாமா?

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அந்த ஆசிரியரிடம் காட்டினேன். என் மதிப்பெண் மாறவில்லை. ஆனால் அடுத்த பேட்சுக்கு முதல் 2 நிமிடம் மதிப்பெண் இல்லாத பேச்சு வைத்தார். அம்மாவிடம் சொன்னேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

நண்பர்களே! நாளை வேலைக்கான நேர்முகத் தேர்வும் இப்படி வரலாம். 'எனக்குப் பேச வராது' என்று முடிவு கட்டுமுன், ஒருமுறை 20 வரை எண்ணிப் பாருங்கள்!