ப்ரியான் மரபணு: இல்லாவிட்டாலும் வளரும் கரு

நம்பிக்கை: ப்ரியான் என்பது மாட்டிறைச்சி வழியாக வரும் ஒரு கிருமி.

உண்மை: கிருமியே இல்லை, புரதம். சிறுசேரியில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் மூளையிலும் அதன் இயல்பான வடிவம் இருக்கிறது. தவறாக மடங்கிய ஒன்று, பக்கத்திலுள்ள நல்லவற்றையும் அப்படியே மடக்கத் தொடங்கினால்தான் நோய்.

நம்பிக்கை: ஒரு மரபணுவை நீக்கியும் உயிர் நன்றாக இருந்தால், அந்த மரபணு வீண்.

உண்மை: இந்த முடிவுக்கு வித்திட்டவை 1992இல் சூரிச்சில் சார்லஸ் வைஸ்மான் குழு உருவாக்கிய எலிகள். ப்ரியான் மரபணு இல்லாமலே பிறந்து, வளர்ந்து, குட்டியும் போட்டன. ஆனால் 2009இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் சீப்ரா மீன் வேறு கதை சொன்னது. நம் மீன்தொட்டிகளில் வரி வரியாக ஓடும் அதே மீன்தான். இந்தியத் துணைக்கண்டத்து ஓடைகளே அதன் பிறப்பிடம். முட்டை கண்ணாடிபோல இருப்பதால் உள்ளே நடப்பதெல்லாம் நுண்ணோக்கியில் தெரியும். மீனின் ப்ரியான் மரபணுவைத் தொடாமல், அது அனுப்பும் ஆர்.என்.ஏ. செய்தியை மட்டும் மறித்தார்கள். செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள முடியாமல் தளர்ந்தன. கரு உருப்பெறும் கட்டத்திலேயே வளர்ச்சி நின்றுவிட்டது. பின்னாளில் மரபணுவையே சிதைத்த மீன்களோ பிழைத்து வளர்ந்தன!

மறிக்கப் பயன்பட்ட வேதிப்பொருளின் பக்கவிளைவும் இந்த முரணில் கலந்திருக்கலாம். அதைவிட என்னை வியக்க வைப்பது இன்னொரு விளக்கம். டிடியர் ஸ்டைனியர் குழு 2015இலும் 2019இலும் வேறு மரபணுக்களில் காட்டியது இது: சிதைந்த மரபணுவின் பழுதான செய்தியைச் செல் துண்டாக்கி அழிக்கிறது, அப்படி அழிப்பதே, சாயலில் ஒத்த மற்ற மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. செய்தியை வெறுமனே மறித்தால் இந்த முடுக்கம் நடப்பதில்லை. ப்ரியான் இல்லாத குறையை ஈடுகட்டுவது 'ஷாடூ' என்ற உறவுப் புரதம் என்று முதலில் கருதினார்கள். ஆனால் இரண்டுமே இல்லாத எலிகளும் 2012இல் உயிரோடு பிறந்தன. ஆக, ஈடுகட்டுவது ஷாடூ மட்டும் அல்ல.

நம்பிக்கை: அப்படியானால், வளர்ந்தவர் உடலில் இந்தப் புரதத்தைக் குறைப்பது ஆபத்து.

உண்மை: 2002இல் லண்டனில், வளர்ந்த எலிகளின் நரம்புச் செல்களிலிருந்து அதை நீக்கினார்கள், அவை நலமாகவே இருந்தன. மறு ஆண்டு, நோய் தொற்றிய எலிகளில் நீக்கியபோது ஆரம்பநிலைச் சேதம் சரியானது. இந்தப் புரதத்தைக் குறைக்க இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்படும் மருந்துகளுக்கு இதுவே நம்பிக்கை தருகிறது. ஆயினும் பிறவியிலேயே அந்த மரபணு இல்லாத எலிகளுக்கு, வயதாக ஆக, கைகால் நரம்புகளின் உறை சிதைவதை 2010இல் கண்டார்கள். மருந்து பெறுவோரின் நரம்புகளைப் பல ஆண்டுகள் கண்காணித்தே தீர வேண்டும்.