குல்லா ஏன் முறுக்கிக்கொண்டது?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். வயது 61. பள்ளி நாளில் கற்றுக்கொண்ட நிட்டிங். இரண்டு நேர் ஊசியில் ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் பின்னிவிடுவேன். ஒன்பது வயதுப் பேரனுக்குத் தையல் இல்லாத குல்லா பின்னலாமே என்று மருமகள் 80 சென்டிமீட்டர் சர்க்குலர் ஊசி வாங்கித் தந்தாள். 96 கண்ணி போட்டேன். இரண்டு முனையும் எட்டவே இல்லை. நடுவில் ஒயரைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு எப்படியோ சேர்த்துவிட்டேன். வழக்கம்போல ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல் போட்டால் வழவழவென்று வராமல் மேடு மேடாக வருகிறது. நாலு விரல் உயரம் வந்த பிறகு பார்த்தால், குல்லாவே முறுக்கிக் கிடக்கிறது. பிரிக்காமல் சரிசெய்ய வழி இருக்கிறதா அம்மா?

பதில்: இல்லை, பிரித்துத்தான் ஆகவேண்டும். நானும் ஒருமுறை ஒரு சாண் வரைக்கும் பின்னிவிட்டு, இழுத்தால் நேராகிவிடும் என்று இழுத்து இழுத்துப் பார்த்தவள்தான். வட்டமாகச் சேர்ந்த பிறகு அந்த முறுக்கு எங்கேயும் போகாது. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் தலைகாட்டும்.

குற்றம் உங்கள் கையில் இல்லை, ஊசியின் நீளத்தில். கடையில் சொல்லும் 80 சென்டிமீட்டர் என்பது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், ஒயரோடு சேர்த்து. பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று வைத்துக்கொண்டால், உங்கள் 96 கண்ணி 48 சென்டிமீட்டர்தான் வரும். 48-ஐ 80-இல் வட்டமாக விரிக்க முடியுமா? ஊசி எப்போதும் பின்னலின் சுற்றளவைவிடக் குட்டையாக இருக்கவேண்டும். குல்லாவுக்கு 40 சென்டிமீட்டர் ஊசி சரி. எட்டாத கண்ணிகளை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில்தான், அடி விளிம்பு உங்களுக்குத் தெரியாமல் ஊசியை ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் புது ஊசி வாங்க வேண்டாம். நடுவில் ஒயரை வெளியே இழுத்துவிட்டேன் என்றீர்களே, அது ஒரு நல்ல உத்தியின் பாதி. அமெரிக்காவில் சாரா ஹவுஷ்கா என்பவர் பின்னிவந்த முறை அது. 2002-இல் பெவ் கலெஸ்கஸ் அதைச் சிறு புத்தகமாகப் போட்டபிறகு ‘மேஜிக் லூப்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. மீதிப் பாதி இதுதான். கண்ணிகளை 48, 48 ஆகப் பிரித்து, நடுவில் ஒயரைப் பெரிய வளையமாக இழுத்துவிடுங்கள். இரண்டு பாதியும் இரண்டு முனையில் அடுத்தடுத்து நிற்கும். நூல் உருண்டை பின்பக்கத்துப் பாதியில் இருக்கட்டும். அந்தப் பின்முனையை உருவினால் பின்பாதிக் கண்ணிகள் ஒயருக்கு நகர்ந்துவிடும். உருவிய முனையால் முன்பாதியைப் பின்னுங்கள். முடிந்ததும் திருப்பி, மறுபாதிக்கும் அதையே செய்யுங்கள். ஒவ்வொரு பாதியிலும் முதல் கண்ணியைப் போட்டதும் நூலை ஒரு சுண்டு சுண்டி இறுக்குங்கள்; இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஏணிப்படி மாதிரி இடைவெளி விழும். ஒயர் மட்டும் நன்றாக வளையவேண்டும். ஒயர்கூடை ஒயர் மாதிரி விறைப்பாக இருந்தால் சுடுதண்ணீரில் கொஞ்சம் போட்டு எடுங்கள், இளகிவிடும்.

முறுக்கு விழாமல் இருக்க, சேர்ப்பதற்கு முன் ஊசியை மடியில் வைக்காமல் மேஜைமேல் பரப்புங்கள். அடி விளிம்பு முழுக்க உள்பக்கமாகவே பார்க்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். அப்படியும் தப்பிவிட்டால், முதல் சுற்று முடியும் இடத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு. கடைசிக் கண்ணிக்கும் முதல் கண்ணிக்கும் நடுவே அப்போது ஒற்றை நூல்தான் இருக்கும். முறுக்கை அங்கே தள்ளி, ஊசிக்கு மேலாகத் திருப்பிவிடலாம். இரண்டாவது சுற்று போட்டபிறகு அது நடக்காது. நான் செய்வது வேறு: முதல் இரண்டு வரியைச் சேர்க்காமல் சாதாரணமாகப் பின்னிவிட்டு, பிறகு சேர்ப்பேன். பட்டையாக இருப்பதால் முறுக்கு கண்ணில் படும். கீழே விழும் சின்னப் பிளவைத் தொங்கும் நூலால் தைத்துவிடலாம்.

மேடு மேடாக வருகிற விஷயத்துக்கு வருகிறேன். நேர் ஊசியில் ஒவ்வொரு வரிக்கும் துணியைத் திருப்புகிறோம். முதுகுப்பக்கம் பார்க்கும்போது பர்ல் போட்டால்தான் முன்பக்கத்தில் நிட்டாகத் தெரியும். வட்டத்தில் திருப்புவதே இல்லை. முன்பக்கம்தான் எப்போதும் உங்களைப் பார்க்கிறது. அதனால் சுற்றுக்குச் சுற்று நிட், பர்லே கிடையாது. வீட்டில் இருக்கும் பனியனை உற்றுப்பாருங்கள்: வெளியே ‘வி’ ‘வி’யாக, உள்ளே மேடு மேடாக இருக்கும். திருப்பூர் வட்ட மெஷினில் குழாயாக இறங்குவதும் இதே பின்னல்தான். பர்ல் போடவே பிடிக்காத எலிசபெத் ஸிம்மர்மன், 1971-இல் வந்த தன் ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ புத்தகத்தில், ஸ்வெட்டரைக்கூட வட்டமாகவே பின்னச் சொன்னவர்.

பலருக்கு நிட் இறுக்கமாகவும் பர்ல் கொஞ்சம் தளர்வாகவும் விழும். ஆகவே ஸ்வெட்டர் பின்னிய பழைய கணக்கை இதற்கு நம்பாதீர்கள். ஐந்தாறு சுற்று போனதும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

உச்சிக்கு 96 நல்ல எண், எட்டுப் பங்காகும். பத்துக் கண்ணி பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாக்குங்கள். சுற்று முழுக்க அப்படியே. அடுத்த சுற்று சும்மா. அதற்கடுத்து ஒன்பது பின்னி இரண்டை ஒன்றாக்குங்கள். இப்படியே எட்டுக் கண்ணி மிஞ்சும்வரை குறைத்து, நூலை வெட்டி, தையல் ஊசியில் கோத்து எட்டிலும் நுழைத்து இழுத்தால் மூடிக்கொள்ளும். 40 சென்டிமீட்டர் ஊசிக்காரர்கள் இந்த இடத்தில்தான் திண்டாடுவார்கள். கண்ணி குறையக் குறைய அவர்களுக்கும் ஊசி எட்டாது. மேஜிக் லூப்பில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். அப்படியே பின்னாதீர்கள், கண்ணி ஒழுங்காக நிற்காது. நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நிழலில் தொங்கவிடுங்கள். உங்கள் ஊர் மூடுபனியில் காய இரண்டு நாள்கூட ஆகலாம்.