பித்தப்பைக் கல்லும் புற்றுநோயும்

ஐந்தருவிக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் சாரல் காலத்தில் கூடிய கிராம சபையின் முடிவில், ஊராட்சி உறுப்பினர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் மதினிக்குப் பித்தப்பையில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அது புற்றாக மாறிவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொல்லவே, அவர்கள் சரியாக உண்பதுமில்லை, உறங்குவதுமில்லை. அது மெய்தானா?" என்று வினவினார். இவ்வினா பலருக்கும் எழக்கூடியது. ஆதலின், நூல்களில் படித்தறிந்ததையும் மருத்துவ அலுவலர்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே தருகிறேன்.

கல் உண்டாகும் விதம்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் சேர்ந்திருந்து, நாம் உண்ணும்போது குழாய் வழியே குடலுக்குச் செல்கிறது. பித்தப்பையைக் குளம் என்றும், பித்தக் குழாயை மடை என்றும் கொள்ளலாம். தேங்கிய நீரில் வண்டல் படிவதுபோல, பித்தநீரிலுள்ள கொழுப்போ நிறப்பொருளோ அளவுக்கு மிஞ்சினால், படிந்து கல்லாக இறுகுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதியாக உண்டாகிறது.

கல்லுக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பு

பித்தப்பைப் புற்று கண்டவர்களுள் பெரும்பாலோரிடம் கல்லும் காணப்படுகிறது. ஆனால், கல் உள்ளவர்களை எண்ணிப் பார்த்தால், நூற்றுக்கு ஒருவருக்கோ அதனினும் குறைவாகவோதான் புற்று வருகிறது. தீப்பற்றிய வீடுகளிலெல்லாம் அடுப்பு இருந்தது என்பதனால், அடுப்புள்ள வீடெல்லாம் எரியும் என்று கூறலாகாது. எனினும், அடுப்பைக் கவனியாது விடுவதும் தவறே.

கல் பல்லாண்டுகள் பையின் சுவரை உறுத்திப் புண்படுத்துவதால், அங்குள்ள உயிரணுக்கள் மெல்ல மாறுபடக்கூடும். 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கல்லினால் ஆபத்து மிகுதி. டைபாய்டுக் கிருமி கல்லின்மேல் ஒட்டிக்கொண்டு, நோய்க்குறி எதுவுமின்றி ஆண்டுக்கணக்கில் பையில் தங்குவதுண்டு. அத்தகையோர்க்கும் புற்று வரும் வாய்ப்பு அதிகம்.

1981-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் கணக்குகளின்படி, இந்நோய் கங்கைச் சமவெளியிலும் அஸ்ஸாமிலும் மிகுதி, சென்னையில் குறைவு. தென் அமெரிக்காவில் சிலி நாட்டிலும் இது மிகுதியாதலால், 2006 முதல் 35 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் கல் உள்ளோர்க்குப் பித்தப்பையை அகற்றும் சிகிச்சைக்கு அந்நாட்டு அரசு உறுதியளித்துள்ளது. நம் பகுதியில் நோய் குறைவு என்பது ஆறுதலே. அசட்டைக்கு அது காரணமாகலாகாது.

செய்ய வேண்டுவன

வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தெரிந்த, வலி தராத கல்லைப் பெரும்பாலும் கவனித்து வந்தாலே போதும். எண்ணெய்ப் பண்டம் உண்டபின் வலப்பக்க மேல் வயிற்றில் எழுந்து, முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவும் வலியை "வாயு" என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வலி திரும்பத் திரும்ப வந்தாலும், கல் மிகப் பெரியதானாலும், பையை அகற்றுவதே நலம் என்பர். அகற்றிய பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டறிவதும் நன்று. வெளியே தெரியாத தொடக்கநிலைப் புற்று அதனால் வெளிப்படுவதுண்டு.

இன்னொன்று மிக முக்கியமானது. காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் குடித்து வாரக்கணக்கில் காத்திருப்பது நம் ஊர்களில் வழக்கம். கல்லோ கட்டியோ குழாயை அடைப்பதாலும் காமாலை வரும். அடைபட்ட மடையை எந்தக் கஷாயமும் திறக்காது. கண் மஞ்சளாவதோடு உடல் அரிப்பு, வெளுத்த மலம், எடை குறைதல் ஆகியன காணின், ஒரு நாளும் தாமதியாமல் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அது உடனடி ஆபத்தாகும்.

ஊராட்சியின் கடமை

சாரல் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஐந்தருவிக்கு வருகின்றனர். கழிப்பிடம் போதாமல் நீர் மாசுபட்டால் டைபாய்டு பரவும். மேல்நிலைத் தொட்டியை முறையாகக் கழுவிக் குளோரின் இடுதல், கழிப்பிடங்களைத் தூய்மையாக வைத்தல், உணவு விற்போரின் கைச்சுத்தத்தைக் கவனித்தல் ஆகியவை ஊராட்சியின் கையில் உள்ளவை.

உறுப்பினரின் வினாவுக்கு விடை இதுவே: கல் புற்றாக மாறுவதில்லை; நெடுநாள் கவனியாத கல் சிலருக்குப் புற்றுக்கு வழிவகுக்கலாம். அந்த அம்மையார் அஞ்சி உணவை ஒதுக்க வேண்டுவதில்லை. மருத்துவர் சொல்லும் நாளில் தவறாது சென்று காட்டினால் போதும். வீட்டார் வேலையைக் காட்டித் தம் வலியை மறைக்கும் நம் தாய்மார்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு ஆடவர்க்கே உரியது.