தொலைவின் நிறம்

அருகில் நிற்கும் மரம் பச்சை. அத்தகைய மரங்களே அடர்ந்த மலை, தொலைவிலிருந்து நோக்க நீலம். இம்மாற்றத்திற்குக் காரணம் இடையிலுள்ள காற்று. காற்றின் மூலக்கூறுகள் ஒளியின் நீலப்பகுதியை மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. சிதறிய அவ்வொளி, மலைக்கும் கண்ணுக்கும் இடையே மெல்லிய திரைபோல் படர்கிறது. மலையின் கருநிழல்கள் வெளிறுகின்றன. வெயிலில் ஒளிரும் பாறைகள் மங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறையக் குறைய, மலை மேலும் தொலைவில் இருப்பதாகத் தோன்றுகிறது.

அருகிலுள்ள பொருளின் தொலைவை அறிய இரு கண்களே துணைபுரிகின்றன. ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளியில் அமைந்த அவை, ஒரே பொருளைச் சற்று மாறுபட்ட கோணங்களில் காண்கின்றன. மலையளவு தொலைவில் அம்மாறுபாடு இல்லையென்றே கூறலாம். ஆகவே, மூளை நிறத்தையும் ஒளிர்வையும் சான்றாகக் கொள்கிறது.

இவ்வுண்மையை ஓவியர்கள் தூரிகையால் கண்டறிந்தனர். லியொனார்டோ டா வின்சி (1452–1519) தம் குறிப்பேடுகளில் இதுபற்றி எழுதியுள்ளார். அவரது மோனா லிசா ஓவியத்தின் பின்னணி மலைகள் வெளிறிய நீலத்தில் கரைவதால், தட்டையான மரப்பலகையில் நெடுந்தொலைவு பிறக்கிறது.

காற்றே இல்லாவிடில் என்னாகும்? 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 பயணத்தில் நிலவில் இறங்கிய ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும், கோன் என்னும் பெரும்பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேட்டில் ஏறினர். அங்கே தொலைவிலுள்ள பாறையும் அருகிலுள்ள பாறையைப் போன்றே தெளிவாகத் தெரிந்தது. அளவை ஒப்பிட மரமில்லை, வீடில்லை. நிலமும் மேடுபள்ளமாக இருந்தது. நேரம் கடந்துவிட்டமையால் விளிம்பைக் காணாமலே திரும்பினர். அது சில பத்து மீட்டர் தொலைவிலேயே இருந்தது என்பது பின்னரே தெரியவந்தது.

மூளையின் கணக்கு பழகிய காற்றுக்குப் பொருந்துவது. காற்று மாறினால் கணக்கும் பிறழும். நிலவில் நேர்ந்ததற்கு நேர்மாறானது மூடுபனியில் நேர்கிறது. முன்னே செல்லும் சரக்குந்து சாம்பல்நிறத் தார்ப்பாய் போர்த்தியிருப்பின், அதற்கும் பனிக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு. மங்கலாகத் தெரிவதால் அது தொலைவில் செல்வதாக ஓட்டுநர் கருதுகிறார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும். தவற்றை உணர்ந்து வேகத்தடையை மிதிப்பதற்குள் இடைவெளி தீர்ந்துவிடக்கூடும். மூடுபனிக்கென ஊர்திகளின் பின்புறம் பொருத்தப்படும் சிவப்பு விளக்கு, வழக்கமான பின்விளக்கைவிடப் பன்மடங்கு ஒளி மிக்கதாக அமைக்கப்படுவது இதனால்தான்.